தொட்டிக்குள் ரசிகர்கள்

நம் அலுவலகத்தில் டீ நன்றாக இருப்பது இந்த மாடியில் மட்டும்தான். கீழே எங்கள் தளத்தில் இருக்கும் இயந்திரம் வெந்நீருக்கு நிறம் அடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். இங்கே உட்கார்ந்து ஒரு கோப்பை குடிக்க எனக்கு வாய்த்தது இன்றைக்குத்தான், அதுவும் விசாரணைக்கு வந்த இடத்தில். பரவாயில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன் மேடம். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வக்கீல்களுக்கு இதெல்லாம் பாலபாடத்திலிருந்து சொல்ல வேண்டும் என்று நம் நிறுவனர் சொன்னார். அவர் சொன்னது அப்படியே, நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்முடையது வீடியோ செயலி. யார் வேண்டுமானாலும் படம் பிடித்துப் போடலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புதிதாக ஏதாவது வசதி செய்தால் அதை எடுத்த எடுப்பில் மக்கள் தலையில் கட்ட முடியாது. அதைச் சோதித்துப் பார்க்க உள்ளுக்குள் ஒரு தனி இடம் இருக்கிறது. எங்கள் தளத்துப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் தொட்டி. ஒருவருடைய கணக்கைத் தொட்டிக்குள் போட்டுவிட்டால் அவருடைய வீடியோக்கள் பொதுமக்கள் கண்ணில் படாது. வீடியோவின் இணைப்புச் சுட்டியைக் கையில் கொடுத்தால் தெரிந்தவர்கள் திறந்து பார்க்கலாம், அதோடு சரி. ஆனால் உள்ளே எல்லாம் நடக்கும். பார்த்தவர் எண்ணிக்கை ஏறும், மணி அடிக்கும், பாராட்டு வரும். பார்க்கிறவர்கள் எல்லாம் நாங்கள் உண்டாக்கிய பொய் ஆட்கள். தொட்டியில் இருப்பதால் அவர்களுக்கு மீன்கள் என்று பெயர்.

ஆரம்பத்தில் மீன்களின் கருத்துகளை இயந்திரமே எழுதியது. பாராட்டு எல்லாம் இரங்கல் செய்தி மாதிரி இருந்ததாம். அதனால் மனுஷர் மாதிரி எழுத ஒரு மனுஷி வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். அதற்கு முன்னால் நான் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தே தலை நரைத்தது. பத்திரிகை மூடியதும், நாற்பது வயதுக்கு மேல் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளோடு பஞ்சு மூட்டை மாதிரி இருக்கைகளில் உட்கார்ந்து கூட்டம் போட வந்தேன். என் மீன்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. எதையும் குறை சொல்லிவிட்டுக் கடைசியில் பாராட்டும் கணக்கு வாத்தியார். எல்லாவற்றுக்கும் அழுகிற ஒரு பெண். முதல் ஆளாக வந்து பெருமையடிக்கும் ஒருவன். நம்பும்படி இருக்க வேண்டும் என்று அங்கங்கே எழுத்துப் பிழை வேறு விடுவேன். எனக்கு உடம்பு கூசும். ஆனாலும் தொழில் என்று வந்துவிட்டால் பார்க்க முடியுமா?

இப்போது என் தங்கைக்கு வருகிறேன். வீட்டில் அவளைச் சுண்டு என்போம். பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாள் என்று அப்பா வைத்த பெயர், ஆள் வளர்ந்தும் போகவில்லை. அப்பா இல்லாமல் போன பிறகு அவளை வளர்த்தது நான்தான். அம்மா பெற்றார், நான் வளர்த்தேன். அம்மாவே அப்படித்தான் சொல்வார்.

சுண்டு பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர்கள் அதில் மாவுக்கல் என்கிற வெள்ளைப் பொடியைக் கரைத்து ஊற்றி அப்படியே ஒரு வாயை வார்த்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி பல்செட் செய்து திருப்பி அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் அந்த வெள்ளை வாய்களைக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். கொட்டுவதை இவள் முதலாளியிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வருவாள். மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவில் ஒரு கீல் வைத்து, சாயம் பூசி, விரலால் ஆட்டிப் பேசவைப்பாள். முன்பல் இல்லாத ஒரு கிழவர். கம்பி கட்டிய ஒரு பெண். ஒற்றைத் தங்கப் பல்லோடு ஒரு கஞ்சன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குரல். கிழவர் 'ச' சொன்னால் காற்றுதான் வரும். அந்தக் கம்பிப் பெண் அவரை வம்புக்கு இழுத்துக்கொண்டே இருப்பாள். அம்மா சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஓர் ஆசை இருந்தது. நாளிதழில் இருந்தபோதே வேறொரு செயலியில் சொந்தமாகப் பேசி வீடியோ போட்டேன். நல்ல தமிழ், நல்ல விஷயம். பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம், அதிலும் பாதி விரல் என்னுடையது. ஒருநாள் சாப்பிடும்போது சுண்டு சொன்னாள். "அக்கா, நீ பேசறது நல்லாத்தான் இருக்கு. ஆனா டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரியே இருக்குக்கா." அம்மாவுக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அன்றோடு வீடியோ போடுவதை விட்டுவிட்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான்.

நான் இங்கே சேர்ந்த பிறகு அவள் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, உங்க ஆப்ல இந்த வாய்ங்களைப் போடலாமா? யாராவது பார்ப்பாங்களா?"

"நானே கணக்கு ஆரம்பிச்சுத் தரேன், கண்ணு. நீ ஒண்ணும் அலட்டிக்காதே."

'வாய்க்கு வந்தபடி' என்று பெயர் வைத்தாள். நான் கணக்கைத் தொடங்கித் தொட்டிக்குள் போட்டேன். அது எவ்வளவு நியாயமான காரியம் என்று யோசித்துப் பாருங்கள். புதிதாக வருகிறவர்களை இங்கே ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த வலி எனக்குத் தெரியும். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் அவளுக்கு ரசிகர்களைக் கொடுத்தேன்.

நிதானமாகத்தான் கொடுத்தேன். ஒரேயடியாகக் கொட்டவில்லை. கணக்கு வாத்தியார் முதலில் வந்து, கிழவரின் தாடை ஆடும் வேகம் சரியில்லை என்றார். அவள் இரவெல்லாம் கீலைக் கழற்றி மாட்டினாள். அடுத்த வாரம் அவர், தேறிவிட்டாய் என்றார். அவள் அறைக்குள் துள்ளிக் குதிக்கும் சத்தம் எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. எண்ணிக்கை ஆயிரமாகி, லட்சமானது. பல் கூடத்தில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் சுட்டியைத் திறந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். வேறு செயலியிலும் போடட்டுமா என்று ஒருமுறை கேட்டாள். அப்படிப் போட்டால் இங்கே கைகழுவி விட்டுவிடுவார்கள் என்றேன். சரி என்றாள். நான் சொல்லி அவள் எதையும் தட்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கூடத்து முதலாளி அவளைக் கூப்பிட்டு, பீங்கான் பல் செய்யும் பிரிவுக்கு நீதான் இனித் தலைமை என்றார். அங்கே வேலை செய்கிற எல்லாருடைய கனவும் அதுதான். இயற்கைப் பல்லின் நிறத்தை இவள் கண் பிடிப்பது போல் யார் கண்ணும் பிடிக்காது என்று அந்த மனுஷர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். "ரெண்டையும் பார்க்க முடியாதுக்கா. அந்தப் பிரிவுக்குப் போனா மூச்சு விட நேரம் இருக்காது. என்ன பண்ணட்டும்?"

வேலையை விடு என்று நான் சொல்லவேயில்லை. இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். "எனக்கு நாற்பது வயசுக்கு மேல ஒரு கதவு திறந்தது. உனக்கு இப்பவே திறந்திருக்கு. பார்த்துக்கோ" என்று மட்டும்தான் சொன்னேன். அன்றைக்கு எல்லா மீன்களையும் ஏவிவிட்டு, தினமும் ஒரு வாய் வேண்டும் என்று கேட்க வைத்தேன். அவள் மறுநாள் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தாள். முதலாளி கண் கலங்கினாராம். வருமானம் எப்போது வரும் என்று அம்மா கேட்டார். புது ஆட்களுக்குக் கொஞ்ச நாள் ஆகும் என்றேன். அதுவரை சாப்பாட்டுக்கு நான் இருக்கிறேனே. அவள் ஒவ்வொரு வேளையும் என் கையைப் பார்த்துச் சாப்பிட்டாள். எனக்கு அது பாரமாகவே இல்லை.

இப்போது அந்த ஒரு நாளைப் பற்றிக் கேட்பீர்கள். அது என் கணக்கில் இல்லாதது.

எங்கள் தளத்தில் கண்ணாடி என்று ஒரு பொறியாளன் இருக்கிறான். தடித்த கண்ணாடி போட்டிருப்பான், அதனால் அந்தப் பெயர். உங்களிடம் புகார் கொடுத்தவனும் அவன்தான், தெரியும். தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலையை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். பழைய சோதனைக் கணக்குகளை அழித்துக்கொண்டே வந்தவன் 'வாய்க்கு வந்தபடி'யைத் திறந்திருக்கிறான். திறந்தவன் மூடவில்லை, உட்கார்ந்து பார்த்திருக்கிறான். இவ்வளவு நல்ல வீடியோக்கள், இவ்வளவு கலகலப்பான ரசிகர்கள், இது சோதனைக் கணக்காக இருக்கவே முடியாது, யாரோ நிஜக் கலைஞரைத் தவறிப்போய் உள்ளே போட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்து, கணக்கைத் தூக்கி வெளியே விட்டுவிட்டான். என் எழுத்துத் திறமைதான் அவனை ஏமாற்றியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

மத்தியானம் நான் பார்க்கும்போது எண்ணிக்கை நான் கொடுக்காத வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நான் எழுதாத கருத்துகள் வந்துகொண்டிருந்தன. யாரோ ஒரு தாய், பல் டாக்டர் என்றாலே அலறும் தன் பெண் இதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்து காட்டினாள் என்று எழுதியிருந்தாள். ஒரு பல் மருத்துவர், தன் காத்திருக்கும் அறையில் இதையே ஓடவிட்டிருக்கிறேன் என்றார். பிறகு ஒரு முதியவர். "பல்செட் வைத்த நாளிலிருந்து நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பேன். இன்றைக்கு என்னை அறியாமல் கையை எடுத்துவிட்டுச் சிரித்தேன். என் மனைவி திரும்பிப் பார்த்தாள். நன்றி, மகளே."

நான் அதைப் பல தடவை படித்தேன். பிழை ஒன்றுகூட இல்லை.

சாயங்காலத்துக்குள் கணக்கை மறுபடி தொட்டிக்குள் போட்டேன். அந்தக் கருத்துகளை ஒவ்வொன்றாக அழித்தேன். கண்ணாடியிடம், அது நாம் சம்பளத்துக்கு அமர்த்திய நடிகை, சோதனைக்காகத்தான் நடிக்கிறாள், இனிமேல் என்னைக் கேட்காமல் கை வைக்காதே என்றேன். பாவம், மன்னிப்புக் கேட்டான். ஏன் அப்படிச் செய்தேன் என்கிறீர்களா? ஒருநாள் கூத்து அது. இன்றைக்குத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள், நாளைக்குக் கீழே போட்டு மிதிப்பார்கள். ஊரை நம்பி அவளை விட முடியுமா? என் மீன்கள் அவளை ஒருநாளும் கைவிடாது. நான் சொல்லாதவரை.

சுண்டு அன்று முகமெல்லாம் பல்லாக வந்தாள். "அக்கா, இன்னைக்கு வந்தவங்க வேற மாதிரி பேசினாங்க. எப்பவும் வர்றவங்க என்னைப் பத்திப் பேசுவாங்க. இவங்க அவங்களைப் பத்திப் பேசினாங்க. அந்தப் பல்செட் தாத்தா என்னை மகளேன்னு கூப்பிட்டாருக்கா." கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடி வந்தாள். "அக்கா, எல்லாம் காணாமப் போச்சு. பாரேன்."

இயந்திரக் கோளாறு என்றேன். அவள் அந்த முதியவர் எழுதியதை மனப்பாடமாக ஒப்பித்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு மீன்கள் போதவில்லை. ஆயிரம் பேர் ஆகா என்றாலும் தாடையை ஆட்டிக்கொண்டே எங்கேயோ பார்ப்பாள். அது எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அவளுக்காக நான் எவ்வளவு எழுதியிருக்கிறேன்! அந்த முதியவர் எழுதியது நாலு வரி.

"ரசிகர்களை நேர்ல பார்க்கணும்க்கா" என்றாள். "சின்னதா ஒரு நிகழ்ச்சி வைக்கலாமா? அந்தத் தாத்தா வந்தாலும் வருவாரு."

தடுத்திருக்கலாம் என்பீர்கள். ஆசைப்பட்டுக் கேட்கிறாள், எந்த மனசோடு தடுப்பது? நானே கூட இருந்து எல்லாம் செய்தேன். அவள் ஒரு பள்ளிக்கூட அறை போதும் என்றாள். வருகிறவர்கள் நின்றுகொண்டா பார்ப்பார்கள் என்று சொல்லி, பெரிய அரங்கமாக நான் பார்த்தேன். மீன்கள் எல்லாம் வருகிறோம், வருகிறோம் என்றன. கணக்கு வாத்தியார் முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கச் சொன்னார். நாற்காலிகளை நானும் அவளும்தான் வரிசையாகப் போட்டோம். மிச்சமிருந்த சேமிப்பில் அரங்க வாடகை கட்டி, அம்மாவுக்குப் புதுத் துணியும் எடுத்தாள்.

வந்தவர்களைச் சொல்கிறேன். அம்மா. நான். பல் கூடத்து முதலாளி, இஸ்திரி போட்ட சட்டையோடு. அவரோடு அவருடைய ஆட்கள் சிலர். அரங்கக் காவலாளி. சுண்டு மேடையில் மேஜைமேல் வாய்களை அடுக்கி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். வெளியே ஏதாவது வண்டி நின்றால் எழுந்து நிற்பாள். "டிராஃபிக்கா இருக்கும்மா, ஆரம்பி" என்றார் முதலாளி. அவள் கிழவரைக் கையில் எடுத்தாள். தாடை ஆடியது. குரல் வரவில்லை. பிறகு ஒவ்வொரு வாயையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். முதலாளி மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். அந்தப் பெரிய அரங்கத்தில் ஒற்றை ஆள் தட்டும் சத்தம் நன்றாகவே இல்லை. அவர் நிறுத்தியிருக்கலாம்.

மறுநாள் அவளுக்குக் காரணம் தெரிய வேண்டும் இல்லையா? காரணம் தெரியாவிட்டால் மனசு ஆறாது. அதனால் மீன்களை எழுத வைத்தேன். "வந்தோம். கதவுப் பக்கம் நின்று உங்களைப் பார்த்தோம். போனில் பார்ப்பதே நன்றாக இருக்கிறது என்று திரும்பிவிட்டோம்." அழுகிற பெண், இந்தத் தடவை அழாமல், "கொஞ்ச நாளாகவே சலிப்பாகத்தான் இருந்தது, சொல்ல மனசு வரவில்லை" என்றாள். கணக்கு வாத்தியார் கடைசியாக வந்தார். "டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுப்பது போல் இருக்கிறது" என்று எழுதினார். அது ஏன் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது என்று தெரியவில்லை. எழுத உட்கார்ந்தால் எது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

சுண்டு வீடியோ போடுவதை நிறுத்திவிட்டாள். பேச்சையும் அநேகமாக நிறுத்திவிட்டாள். பிறகு பழைய இடத்துக்கே போய் வேலை கேட்டாள். பீங்கான் பிரிவுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அந்த முதலாளி நல்லவர், மாவுக்கல் கரைக்கிற வேலை கொடுத்தார். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுப்பது அது. காலையில் போய்விட்டுக் கையெல்லாம் வெள்ளையாக வருகிறாள். நான் தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாள். வீடு அமைதியாக இருக்கிறது.

கண்ணாடி அந்த அரங்கத்து அறிவிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறான். நடிகை எதற்குச் சொந்தச் செலவில் அரங்கம் எடுக்கிறாள் என்று நோண்ட ஆரம்பித்து, அவள் என் தங்கை என்று கண்டுபிடித்து, உங்கள்வரை வந்துவிட்டான். அவளிடமும் போய்ச் சொல்லிவிட்டான். பார்த்தவர்கள் யாரும் நிஜமில்லை, எல்லாம் உங்கள் அக்கா எழுதியது என்று. அந்தப் பையனுக்கு வாயில் நாக்கு இருக்கிறதே தவிர இங்கிதம் இல்லை.

நேற்று அவளைப் பார்க்கக் கூடத்துக்குப் போனேன். பின்பக்கம் தொட்டியடியில் நின்று மாவுக்கல்லைக் கரைத்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. ஏன் செய்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. கரண்டியை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல், ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ஒரு நாள் வந்தவங்க? அந்தப் பல்செட் தாத்தா? அவராவது நிஜமாக்கா?"

கணக்கை வெளியே விட்டவன் கண்ணாடிதான், ஆனால் யார் வந்தார்கள், என்ன எழுதினார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் பார்ப்பதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். உலகத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த முதியவர் பிறகு நம் உதவி முகவரிக்கு மூன்று முறை எழுதினார், அந்தப் பெண் எங்கே போனாள், நலமாக இருக்கிறாளா என்று. அதுவும் என் மேஜைக்குத்தான் வந்தது. கலைஞர் தன் விருப்பப்படி விலகிக்கொண்டார் என்று மரியாதையாகப் பதில் போட்டேன்.

"இல்லம்மா, அதுவும் நான்தான்" என்றேன் சுண்டுவிடம்.

அவள் கரண்டி நின்றது. "அப்படியா" என்றாள். பிறகு லேசாகச் சிரித்தாள். சிரிக்கும்போது வெள்ளைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் மேடம். அவர்கள் நிஜம்தான், அந்தத் தாய், மருத்துவர், முதியவர் எல்லாரும். தொட்டியைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு நிறுவனம் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை அவள் காதில் போட்டுவிடாதீர்கள். தெரிந்தால் மறுபடி ஆரம்பித்துவிடுவாள், அந்த மனுஷரைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வெளியே போனால் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.